ஞாயிறு மாலை ஊமையாகும் ஃபோன்

“வாரம் பூரா ஒழுங்கா வேலை செய்யுற ஃபோன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு மணி நேரம் வாயை மூடிக்குது. இந்த வசதி எங்க மச்சானுக்கு இருந்திருந்தா, எங்க வீட்ல யாருக்கும் தலைவலி மாத்திரையே தேவைப்பட்டிருக்காது” என்றார் கொசுறு.

லிஃப்ட்காரன் சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நாற்பது. ஐந்து மணிக்கு இன்னும் எண்பது நிமிடம்.

லிஃப்ட் ரிப்பேர் அவன் தொழில். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களைக் கம்பி போட்டு நெம்பி வெளியே எடுப்பவன். இப்போது அவனே இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். பத்து மாதம் முன்பு மனைவி, ஒன்பது வயது மகளை அழைத்துக்கொண்டு தனி வீட்டுக்குப் போய்விட்டாள். கோர்ட்டில் வழக்கு. அது முடியும்வரை நீதிபதி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்: ஞாயிறுதோறும் மாலை ஐந்திலிருந்து ஐந்தரைக்குள் அப்பா தன் சொந்த நம்பரிலிருந்து மகளைக் கூப்பிட்டுப் பேசலாம். தொடர்ந்து நான்கு வாரம் கூப்பிடாவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

மூன்று வாரம் போய்விட்டது. இன்று நான்காவது ஞாயிறு. செவ்வாய்க்கிழமை விசாரணை.

அவன் கூப்பிடாமல் இல்லை. விரல் நோகக் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் பதிவு செய்த பெண்குரல் ஒன்று வந்து, இந்த எண்ணிலிருந்து வெளியே பேச அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பக்கத்துக் கடைக்காரரின் ஃபோனிலிருந்து முயன்றால், தெரியாத நம்பர் என்று மனைவி எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினால், ‘கூப்பிடச் சொன்னால் கூப்பிட வேண்டும், சாக்கு எழுதி அனுப்பக் கூடாது’ என்று அவள் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. இன்டர்நெட்டில் கூப்பிடலாமே என்றால், அவனிடம் இருப்பது பட்டன் ஃபோன். லிஃப்ட் குழிக்குள் விழுந்தாலும் எழுந்து உட்காரும் ஜாதி; அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சரி என்று திங்கட்கிழமை ஃபோன் கம்பெனிக்குப் போனான். அங்கே இருந்தவர் அந்த ஃபோனிலிருந்து தன் ஃபோனுக்கே ஒரு கால் போட்டுப் பார்த்துவிட்டு, “அருமையா போகுதே சார்” என்று திருப்பிக் கொடுத்தார். மூன்று திங்கட்கிழமை. மூன்று ‘அருமை’.

அதற்கப்புறம்தான் அவன் அக்கா, வெள்ளிக்கிழமை அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு இந்தச் சலவைக் கடையின் மேல்மாடிக்கு வந்தாள். “இதெல்லாம் அவ வேலைதான். நிரூபிச்சுக் குடுங்க, கோர்ட்ல வெச்சு நார் நாராக் கிழிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேல்மாடியில் இருப்பவர் புகார் மேடம். ஃபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஊர் முழுவதின் வசவையும் ஒரு காதால் வாங்கியவர். எந்த வீட்டுக்காரர் எந்த நேரத்தில் எதற்காகக் குரலை உயர்த்துவார் என்பது அவருக்கு அத்துப்படி. வேலையை விட்டதும், இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தால் பாவம் என்று துப்பறியும் நிலையம் திறந்துவிட்டார். கொசுறு அவருடைய உதவியாளர். ஐம்பது வயது. மேடம் இந்த அறையை வாடகைக்கு எடுத்தபோது, ஒரு மின்விசிறி, ஒரு மர மேஜை, ஒரு கொசுறு என்று சேர்ந்தே வந்தது. மூன்றில் ஓயாமல் ஓடுவது கொசுறுவின் வாய்.

“தம்பி, அந்தப் பொண்ணு கடைசியா என்ன சொல்லி முடிச்சா?” என்றார் மேடம்.

“எந்தப் பொண்ணு?”

“ரெக்கார்டிங்ல வர்றவ. நன்றி சொன்னாளா?”

அவன் யோசித்தான். “இல்ல மேடம். அனுமதி இல்லைன்னா, டொக்குன்னு வெச்சுட்டா.”

“நிச்சயமா?”

“ஒவ்வொரு ஞாயிறும் நாப்பது தடவை கேட்டிருக்கேன் மேடம். என் பொண்டாட்டி பேச்சைக்கூட அவ்வளவு கவனமா கேட்டதில்ல.”

“அதான் இங்க வந்து உக்காந்திருக்கீங்க” என்றார் கொசுறு.

மேடம் கையை உயர்த்தி அவரை அடக்கினார். “பில் கட்டாதவன் கூப்பிட்டா, கட்டிடுங்க, நன்றின்னு கெஞ்சுவா. டவர்ல கோளாறுன்னா, வருந்துகிறோம், நன்றின்னு குழைவா. நன்றி சொல்லாம கதவைச் சாத்தினா ஒரே அர்த்தம்தான். கம்பெனி தானா மூடல. வாடிக்கையாளர் கேட்டதால மூடியிருக்கு. நீங்களே கேட்டு வாங்கினதுக்கு அவ எதுக்கு நன்றி சொல்லணும்?”

“நான் எங்க மேடம் கேட்டேன்?”

“உங்க பேரைச் சொல்லி யாரோ கேட்டிருக்காங்க.”

“அவதான்!” லிஃப்ட்காரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். “சிம் முதல்ல அவ பேர்லதான் இருந்துச்சு. எட்டு மாசம் முன்னாடிதான் என் பேருக்கு மாத்தினோம். ஏதாவது வழி வெச்சுட்டுப் போயிருப்பா.”

“உக்காருங்க. போன ஞாயிறும் அஞ்சு மணிக்குத்தான் அடைச்சதா?”

“இல்ல, ஆறுக்கு. பாப்பாவுக்கு நீச்சல் போட்டின்னு அன்னிக்கு மட்டும் ஆறு மணிக்குக் கூப்பிடச் சொல்லி சனிக்கிழமை லெட்டர் வந்துச்சு. அஞ்சு மணிக்குக் கடைக்காரருக்கு சும்மா அடிச்சுப் பாத்தேன், கால் போச்சு. ஆறுக்கு அடைச்சுக்கிச்சு.”

கொசுறு விசில் அடித்தார். “அடைக்கிறவங்களுக்கும் ஒரு நகல் போயிருக்கு போல.”

“நேரம் மாறினது யார் யாருக்குத் தெரியும்?” என்றார் மேடம்.

“அவளுக்கு, அவ வக்கீலுக்கு, எனக்கு.”

“வேற?”

“வேற யாருமில்ல.”

மேடம் மூன்று பேரையும் ஒரு தாளில் எழுதினார். கீழே இன்னொரு கோடு இழுத்தார். அதில் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

“காய்ச்சல் அடிக்கும்போதுதான் டாக்டர்கிட்ட போகணும். நீங்க மூணு தடவையும் காய்ச்சல் விட்டப்புறம் போயிருக்கீங்க. கெளம்புங்க, கம்பெனி ஷோரூம் ஆறு மணி வரைக்கும் திறந்திருக்கும்.”

ஷோரூமில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். டோக்கன் எடுத்தவர்கள் எல்லாரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே, ஃபோன் சரியில்லை என்று புகார் சொல்லக் காத்திருந்தார்கள். மேடத்தின் ஏற்பாடு எளிமையானது. லிஃப்ட்காரன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை, பக்கத்து நாற்காலியில் இருக்கும் கொசுறுவின் ஃபோனுக்கு அடிக்க வேண்டும். நாலரைக்கு அடித்தான், மணி அடித்தது. நாலு முப்பத்திரண்டுக்கும் அடித்தது.

“ஹலோ, யார் பேசுறது?” என்றார் கொசுறு, அவன் முகத்தைப் பார்த்தே.

“நான்தான்யா.”

“நான்தான்னா எந்த நான்தான்? இங்க தினம் பத்து நான்தான் பேசுறாங்க.”

நாலு நாற்பத்து நாலு வரைக்கும் இந்தக் கூத்து நடந்தது. எதிர் வரிசைப் பெண்மணி ஒருத்தர் இடம் மாறி உட்கார்ந்தார். நாலு நாற்பத்தாறுக்கு அவன் பட்டனை அழுத்தினான். கொசுறுவின் ஃபோன் அசையவில்லை. லிஃப்ட்காரனின் காதில் அந்தப் பழகிய குரல் வந்தது. அவன் ஃபோனை மேடத்தின் காதில் வைத்தான்.

“நன்றி இல்ல” என்றார் மேடம், திருப்தியாக. “வாங்க. இப்ப நல்லா கொதிக்குது.”

அவர்கள் டோக்கனுக்கு இன்னும் ஆறு பேர் பாக்கி. மேடம் நேராகக் கவுண்டருக்குப் போனார். கவுண்டர் பெண் தலையைத் தூக்கினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்தில் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்த மேடத்தை அடையாளம் தெரிந்து, சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். லிஃப்ட்காரன் அடையாள அட்டையை நீட்டினான். அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

“வெளி அழைப்புத் தடை போட்டிருக்கு சார். போட்டு மூணு நிமிஷம் ஆச்சு.”

“யாரு போட்டது?”

“நீங்கதான்.”

“நான் உங்க முன்னாடி நிக்குறேன்!”

“நீங்க இல்லாட்டி உங்க துணைப் பொறுப்பாளர் சார். ஒரு லைனுக்குச் சொந்தக்காரர் இன்னொருத்தரைத் துணையா எழுதிக் குடுக்கலாம். வயசானவங்க, பிள்ளைங்க வெச்சிருக்கிற ஃபோனுக்காகக் கொண்டுவந்தது. துணையா இருக்கிறவங்க அவங்க ஃபோன்லேர்ந்தே இந்த லைனைத் தடுக்கலாம், எடுத்து விடலாம். உங்களுக்குக் கால் வரும், மெசேஜ் போகும், வெளியே பேச மட்டும் முடியாது. நீங்க பேர் மாத்தினப்போ குடுத்த படிவத்துலயே துணை எழுதியிருக்கீங்க. கையெழுத்தும் போட்டிருக்கீங்க.”

திரையைத் திருப்பினாள். பாம்பு நெளிந்த மாதிரி அவன் கையெழுத்து. சந்தேகமே இல்லை.

“நான் ஒரு வரிகூடப் படிக்கல” என்றான்.

“நம்பரைக் குடும்மா” என்றார் மேடம்.

அவள் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். லிஃப்ட்காரனுக்கு யாருடைய நம்பரும் மனப்பாடமாகத் தெரியாது. மனைவியுடையதாக இருக்கும், வக்கீலுடையதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு எண்ணாக அழுத்தினான். பிறகு பச்சைப் பட்டன். வெளியே பேச அனுமதி இல்லை என்று குரல் சொல்ல ஆரம்பித்தது. ஆனால் பட்டன் ஃபோனுக்கு ஒரு நல்ல குணம், கூப்பிட முடியாவிட்டாலும் யாரைக் கூப்பிடப் பார்த்தாய் என்பதைச் சொல்லிவிடும். சின்னத் திரையில் பெயர் வந்தது.

அக்கா.

அவன் அழித்துவிட்டு மறுபடி எண்களை அழுத்தினான், ஏதாவது ஒன்று தப்பாக விழுந்திருக்கும் என்று. மறுபடி அதே பெயர். மூன்றாவது தடவை அழுத்தப் போனபோது கொசுறு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“படிவம், லெட்டர் எல்லாம் அக்காதான் பாப்பாங்க” என்றான் லிஃப்ட்காரன், யாரிடமோ சொல்வதுபோல. “பென்சில்ல சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டு வெப்பாங்க. நான் அந்த இடத்துல கையெழுத்துப் போடுவேன். பன்னண்டு வயசுலேர்ந்து அப்படித்தான்.”

“சனிக்கிழமை வந்த லெட்டரைப் பிரிச்சது?”

“அக்காதான் படிச்சுச் சொன்னாங்க.”

மேடம் கேட்டபோது வேறு யாருமில்லை என்று அவன் பொய் சொல்லவில்லை. அக்காவை ‘வேறு யாரோ’ என்ற கணக்கில் அவன் சேர்த்ததே இல்லை.

கவுண்டர் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். துணையை நீக்கச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அது அமலாக ஒரு நாள் ஆகும். உடனே தடையை எடுக்க வேண்டுமானால் இரண்டே வழி. துணை தன் ஃபோனிலிருந்து எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தடைபட்ட ஃபோனிலிருந்தே, துணை வைத்திருக்கும் நாலு இலக்க ரகசிய எண்ணை அடிக்க வேண்டும். மூன்று தடவை தப்பினால் நாளை வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது. அடிக்கும் முறையைத் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். யார் எப்போது தடை போட்டார்கள் என்ற விவரத்தை அச்செடுத்து முத்திரையும் குத்திக் கொடுத்தாள். நான்கு ஞாயிறு, நான்கு வரி.

மணி ஐந்து அடிக்க இரண்டு நிமிடம்.

மேடத்தின் பழைய காரை கொசுறு ஓட்டினார். சிக்னலில் நின்றபோது லிஃப்ட்காரன் மேடம் பக்கம் திரும்பினான்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?”

“சந்தேகம் இருந்துச்சு.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவன் நேர்மையாக யோசித்தான். “உங்களைப் படியில உருட்டி விட்டிருப்பேன்.”

“அதான் சொல்லல. எனக்கு இடுப்பு ஏற்கெனவே சரியில்ல.”

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அக்கா பின்பக்கத்தில் வாளி நிறையச் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு துணி அலசிக்கொண்டிருந்தாள். ஐந்து பத்து.

“எங்கடா போயிட்டே? அஞ்சு அடிச்சாச்சே, பாப்பாவுக்குக் கூப்பிடலியா?” என்றாள். குரலில் அவ்வளவு அக்கறை. நான்கு வாரமாக இதே கேள்வியை இதே குரலில் கேட்டிருக்கிறாள். அவன் உடைந்து உட்கார்ந்தபோது தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறாள்.

அவன் பதில் சொல்லாமல் முத்திரை குத்திய தாளை நீட்டினான். அக்கா பார்த்தாள். அவளுக்குப் படிவங்கள் நன்றாகப் படிக்க வரும். ஈரக் கையால் இடுப்பில் செருகியிருந்த ஃபோனை எடுத்தாள். அது நழுவி வாளிக்குள் போய் விழுந்தது.

“ஐயோ, கை தவறிடுச்சு.”

“ஊற வெச்சுட்டீங்க. இனி கசக்கிப் பிழியறதுதான் பாக்கி” என்றார் கொசுறு, வாளிக்குள் எட்டிப் பார்த்து. ஃபோன் கடைசியாக ஒரு தடவை மினுங்கிவிட்டு அணைந்தது.

“இது என்ன தாளுன்னே எனக்குத் தெரியாது. எப்பவோ என்னவோ எழுதிக் குடுத்தேன். ஃபோன் தானா ஏதாவது பண்ணியிருக்கும்.”

“ஆமாமா, தானாத்தான் பண்ணும். ஞாயித்துக்கிழமை மட்டும். மத்த நாள் அதுக்கு லீவு.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் மேடம். “அம்மா, நாலு நம்பர். சொல்லிடுங்க. உங்க தம்பிக்குப் பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு.”

அக்கா தம்பியை மட்டும் பார்த்தாள். “போன மாசம் பாப்பா பேசினது எனக்கும் கேட்டுச்சு. அம்மா அடுத்த வாரம் உங்ககிட்ட பேசணும்கிறாங்கப்பான்னு சொன்னா. எதுக்குப் பேசணும்? திரும்பி வரத்தானே? நீயும் பல்லைக் காட்டிட்டுப் போயிடுவே. அவ இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் எங்கடா போவேன்? உனக்காக நான் கட்டிக்காமலே இருந்தேனே, அதை யாரு கேட்டா?”

“நான் கேட்டேனாக்கா?”

அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நம்பரும் உள்ளேயே போய்விட்டது.

லிஃப்ட்காரன் படியில் உட்கார்ந்து, தாளைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தான். முதலில் அக்காவின் பிறந்த தேதி. ஒரு நொடி யோசித்துவிட்டு ஃபோன் ‘தவறு’ என்றது. அடுத்து அம்மா இறந்த தேதி. எந்த வருஷமும் அக்கா மறக்காத நாள். தவறு. இன்னும் ஒரு வாய்ப்பு. ஐந்து இருபத்தொன்று.

மகளுடைய பிறந்த நாளை அடிக்கப் போனவனை மேடம் நிறுத்தினார். “அது உங்களுக்கு மறக்க முடியாத நாள் தம்பி. இது அவங்க வெச்ச நம்பர். அவங்களுக்கு மனசு குளுந்த நாள் எது?”

அவன் அக்காவைப் பார்த்தான். அப்படி ஒரு நாள் அவளுக்கு இருந்ததா என்று தேடினான். தேடத் தேட, வேண்டாத இடத்தில் போய் நின்றது. மனைவி பெட்டியோடும் பாப்பாவோடும் இறங்கிப் போன அன்று, அக்கா வீடு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பழைய திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டினாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவன் இருட்டறையில் படுத்துக்கிடந்து, என்னைத் தேற்றத்தான் இவ்வளவு பாடுபடுகிறாள், பாவம் என்று நினைத்து அழுதான்.

இரண்டு. மூன்று. பூஜ்யத்தை அழுத்தினான். அதற்குள் அக்கா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். இனிமேல் அவன் கடைசி எண்ணை யோசிக்க வேண்டியதில்லை. ஒன்பது. இருபத்து மூன்றாம் தேதி, ஒன்பதாம் மாதம்.

‘தடை நீக்கப்பட்டது’ என்றது ஃபோன்.

கொசுறு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, கொடியில் தொங்கிய சட்டையில் என்னவோ தேடினார். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபத்தாறு.

மணி அடித்தது. ஒன்று, இரண்டு, ஐந்து. எடுக்க மாட்டார்கள் என்று அவன் முடிவு செய்த நொடியில் எடுத்தார்கள்.

“ஹலோ.” ஒன்பது வயதுக் குரல், அம்மாவைப் போலவே விறைப்பாக.

“பாப்பா, அப்பா பேசுறேன்டா.”



“தூங்கி எழுந்தாச்சா?” என்றாள் மகள்.

“தூக்கமா? என்ன தூக்கம் பாப்பா?”

“அத்தைதான் சொன்னாங்களே. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஃபோன் பண்ணி, அப்பா தூங்குறாரு, எழுப்பக் கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னு. இன்னிக்கும் அஞ்சு மணிக்குச் சொன்னாங்க.”

லிஃப்ட்காரன் நிமிர்ந்து பார்த்தான். எதிரே அக்கா தலையைத் தூக்கவில்லை. சோப்பு நுரையை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து அவளைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பி நின்றான்.

ஃபோனுக்குள், தூரத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. “யாருடி அது?”

“அப்பாதாம்மா” என்றாள் மகள். “எழுந்துட்டாரு.”